மட்கார்டுக்குப் பசை தடவிய கதை

பேனாக்கத்தி உள்ளே போய்விட்டது.

காரின் இடது பக்க முன் மட்கார்டில் பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருந்த ஓர் இடத்தைச் சும்மா சுரண்டிப் பார்த்தேன். சும்மாதான். கத்தி பிடி வரைக்கும் உள்ளே போய், மறுபக்கம் டயருக்கு மேலே மூக்கை நீட்டியது. இத்தனை நாளும் நான் இரும்பு என்று நம்பிக்கொண்டிருந்தது வெறும் பெயின்ட். உள்ளே இருந்த இரும்பு எப்போதோ சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தது.

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று கடிதம் எழுதிய நல்ல உள்ளங்களுக்கு இதுதான் பதில். காய்ச்சல் இல்லை. வெளியூரும் போகவில்லை. விரல் முழுக்கப் பசை.

கார் என்றதும் என்னைப் பெரிய புள்ளி என்று நினைத்துவிட வேண்டாம். விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறேன். கார் என் மாமனாருடையது. யுத்தத்துக்கு முந்தைய, கறுப்பு நிற, சின்ன இங்கிலீஷ் வண்டி. பாளையங்கோட்டைப் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்தவர் அவர். இருபது வருஷம் அதைத் தானே ஓட்டி, தானே துடைத்து வைத்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து எதிரே வருவது மாடா மனிதரா என்று தெரியாமல் போன பிறகு, சாவியை மகளிடம் கொடுத்துவிட்டார். அந்த மகள்தான் என் மனைவி ஜெயமணி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

வருஷத்துக்கு இரண்டு தடவை மாமா வருவார். ரயிலை விட்டு இறங்கியதும் பேரப்பிள்ளைகளைக் கூட அப்புறம்தான். முதலில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். கதவு, பானெட், மட்கார்டு... ஓர் அங்குலம் விடமாட்டார். "நல்லா வச்சிருக்கீக மாப்பிள்ளை" என்று முடித்துவிட்டுத்தான் எங்கள் நலம் விசாரிப்பார்.

நல்லாத்தான் வைத்திருந்தேன். தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீர் இரைத்துக் குளிப்பாட்டினேன். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அவ்வளவு உப்பு. நாலு வருஷம் அன்போடு உப்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஒரு நாளாவது சோம்பேறித்தனப்பட்டிருந்தால் மட்கார்டு பிழைத்திருக்கும்.

கத்தி உள்ளே போன அன்று சாயங்காலம் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுதச் செய்திருந்தார் மாமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வருகிறாராம்.

ஜெயமணி ஓட்டையைப் பார்த்தாள். கடிதத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

"ஆபரேஷன் பண்ணிக்கிடுங்கப்பான்னு மூணு வருஷமா நானும் கெஞ்சுதேன். ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்க மக சொல்லி, கேக்க மாட்டாங்க. அவங்களுக்குன்னு மிச்சம் இருக்க ஒரே சந்தோசம் இந்த வண்டியத் தடவிப் பாக்கதுதான். அதுல கைய வச்சு ஓட்டைக்குள்ள விரல் போச்சுன்னா..." என்று நிறுத்திவிட்டாள்.

ஆக எனக்கு ஒன்பது நாள். மட்கார்டு பார்வைக்கு எப்படி இருந்தாலும் சரி, ஹெட்மாஸ்டர் விரலுக்குப் பாஸாக வேண்டும்.

லாரிப் பட்டறைக்குப் போனேன். வெல்டிங் வைக்கிறவர் கண்ணாடியைக் கழற்றாமலே பேசினார். "சார், வத்தல் சீசன். எட்டு லாரி நிக்கி. சித்திரை கழியட்டும், வாங்க."

அப்புறம்தான் குழப்பம் ஆரம்பித்தது. துரு பிடித்த கார் ஒன்றை வாசலில் நிறுத்திப் பாருங்கள். ஊரில் இத்தனை நிபுணர்கள் இருக்கிறார்களா என்று ஆச்சரியப்படுவீர்கள். ஈயச் செந்தூரம் குழைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். செந்தூரம் பூசினால் துரு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்றார் இன்னொருவர். மெழுகை உருக்கி ஊற்றச் சொன்னவர் உண்டு. விருதுநகர் வெயிலில் மெழுகா என்று சிரித்தவரும் உண்டு. எல்லோர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. என் கோளாறே அதுதான்... எதிரே நிற்கிறவர் உறுதியாகச் சொன்னால், எனக்கு அது உண்மையாகிவிடும்.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தார் குருசாமி.

திருத்தங்கலில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற பிரிவு அவர் பொறுப்பு. அவர் மகன் என் வகுப்பில் படிக்கிறான். அந்த மரியாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்து போவார். ஓட்டையைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"காகிதம் ஒட்டீருவோம் சார்."

"காருக்கா?"

"காகிதத்த லேசா நெனைக்காதீக சார். அணுகுண்டு வெடிக்கு மருந்த எதுக்குள்ள அடைக்கோம்? இரும்புக்குள்ளயா? காகிதத்துக்குள்ளதான. ஏழு சுத்துச் சுத்திக் காய வச்சுப் பாருங்க, மரம் மாதிரி நிக்கும். கைக்கு வழவழன்னு இருக்கும்."

கைக்கு வழவழ. எனக்கு வேண்டியது அதுதானே?

மறுநாளே ஒரு மண்சட்டி நிறையப் பசையும், ஒரு கட்டுக் கெட்டிக் காகிதமும் கொண்டு வந்துவிட்டார். மைதா மாவைக் காய்ச்சின பசை, ஆனால் லேசான நீல நிறம். ஏன் என்று கேட்டேன்.

"மயில்துத்தம் சார். துத்தம் போடலன்னா எலியும் கரப்பானும் தின்னுபோடும். உங்க வண்டி வெளிய நிக்கதில்லா? அதனால ரெண்டு பங்கு கூடப் போட்டுருக்கேன்."

உப்புத்தாளால் துருவைத் தேய்த்தோம். ஓட்டையைச் சுற்றி இரும்பு பளபள என்று வந்தது. அதன் மேல் தாராளமாகப் பசை. பசை மேல் காகிதம். காகிதத்தின் மேல் பசை. ஏழு அடுக்கு. குருசாமியின் விரல்கள் வேலை செய்வதைப் பார்க்கவே அழகாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. மட்கார்டின் வளைவை அப்படியே பிடித்துவிட்டார்.

டியூட்டி முடிந்து வந்த ஜெயமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அரிச்சுப் போன ஓரத்த வெட்டி எடுத்தாச்சா?"

"எதுக்கு நர்ஸம்மா? அதான் மூடியாச்சே" என்றார் குருசாமி.

அவள் உள்ளே போனாள். நர்ஸுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நாங்கள் இரண்டு பேரும் பெருந்தன்மையாக மன்னித்தோம்.

இரண்டு நாள் வெயிலில் காகிதம் காய்ந்தது. தட்டினால் பலகை மாதிரி சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு மாமாவைப் போலத் தடவிப் பார்த்தேன். எங்கே ஒட்டினோம் என்று எனக்கே தெரியவில்லை. அன்று வகுப்பில் ஆப்பிரிக்கா படம் போடும்போது கூட விசில் அடித்தேன்.

வியாழக்கிழமை காலையில் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது.

லேசாக இழுத்தேன். மொத்தமும் கையோடு வந்துவிட்டது. அடியில் பார்த்தால்... இரும்பு சிவந்திருந்தது. துருவின் சிவப்பு இல்லை. புளி போட்டு விளக்கிய செம்புப் பானையின் சிவப்பு. நாலணா அளவில் இருந்த ஓட்டை பூரி அளவுக்கு வளர்ந்திருந்தது.

இரும்பு எப்படிச் செம்பாகும்? ஆனது ஆகட்டும், மீதி இரும்பு எங்கே? யாராவது தின்றார்களா? எலிக்குத்தானே துத்தம் போட்டோம்?

பள்ளிக்கூடத்தில் ரசாயன வாத்தியாரிடம் சிவந்த துண்டு ஒன்றைக் காட்டினேன். அவர் சிரித்து முடிக்கவே ஒரு பீரியட் ஆயிற்று. துத்தத்துக்குள் இருக்கிற செம்பு வெளியே வந்து உட்காருமாம். இரும்பு அதற்கு இடம் கொடுத்துவிட்டுப் பசைக்குள் போய்விடுமாம். "அப்படியென்றால் இரும்பு ஏன் போக வேண்டும்?" என்று கேட்டேன். அவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். இரண்டு தடவை. எனக்கு இன்னும் விளங்கவில்லை. நாங்கள் துருவுக்கு மருந்து போடவில்லை, அதற்கு விருந்து வைத்திருக்கிறோம் என்பது மட்டும் விளங்கியது.

செய்தி கேட்டுச் சாயங்காலமே குருசாமி சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"இருவது வருசமா பசை காய்ச்சுதேன் சார். ஒரு நாளு இப்படி ஆனதில்ல."

"இரும்பு மேல தடவியிருக்கீகளா?" என்று கேட்டாள் ஜெயமணி.

அவர் யோசித்தார். "எங்க கம்பெனிக்குள்ள இரும்பே விட மாட்டாக நர்ஸம்மா. பொறி தட்டிருமில்லா. பசைத் தொட்டி மரம், துடுப்பு மரம், சுத்துற கம்பி பித்தளை. நான் எங்க போயி இரும்பப் பாக்க?"

அந்த மனிதர் மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. பசையைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அது இரும்பை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும், இருபது வருஷத்தில் அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஜெயமணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"அழுகுனத வெட்டாம மேல கட்டுப் போட்டா புண்ணு ஆறுமா? தகரம் வெட்டுற கத்திரி யாருகிட்ட இருக்கு?"

கத்திரி வந்தது. அரித்துப்போன இடம் முழுவதையும் வெட்டி எறிந்தாள், நல்ல இரும்பு தென்படும் வரை. எண்ணெய்க் கடையிலிருந்து ஒரு காலி டின்னைக் குருசாமி கொண்டு வந்தார். அதை வெட்டி, சோடா உப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினோம். வாளிக்கு ஈயப் பற்று வைக்கிறவர் சனிக்கிழமை மத்தியானம் வந்து மட்கார்டில் பற்றவைத்தார். ஒரு சங்கடம். டின்னின் வெளிப்பக்கம் பச்சையும் மஞ்சளுமாக அச்சடித்த எழுத்து. பெயின்ட் இருக்கிற பக்கம் ஈயம் ஒட்டாதாம். வெறுந்தகரமாக இருக்கிற உள்பக்கம்தான் ஒட்டுமாம். அதனால் எழுத்து வெளியே பார்க்க, மட்கார்டு ஓர் எண்ணெய்க் கடை விளம்பரமாக நின்றது. ஓரங்களை நானும் குருசாமியும் மாறி மாறி அரத்தால் ராவினோம். விரலுக்கு ஒரு பிசிறு தட்டவில்லை.

நான் கறுப்புப் பெயின்ட் டப்பாவைத் திறக்கப் போனேன். ஜெயமணி தடுத்துவிட்டாள்.

"காலையில எட்டு மணிக்கு ரயிலு. அதுக்குள்ள காயாது. அப்பா தடவும்போது விரல்ல ஒட்டிக்கிட்டா கேப்பாங்க. இப்படியே இருக்கட்டும்." டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டே சொன்னாள்: "எழுத்து இருந்தா என்ன... அவங்க கண்ணுக்கா தெரியப்போவுது?"

சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள். அழுதாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பிளாட்பாரத்தில் நின்றோம். எப்போதும் உறவுக்காரர் ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். இந்தத் தடவை மாமா தனியாக இறங்கினார். பெட்டியும் அவர் கையிலேயே இருந்தது. மூக்கின் மேல் சோடாபுட்டி அடிப்பாகம் மாதிரி தடித்த ஒரு கண்ணாடி.

ஜெயமணி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். சொன்னா நீ லீவு போட்டுட்டு வந்து உக்காந்துருவ." மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உனக்கு எப்பம்மா நரை விழுந்துச்சு?"

அவளுக்குக் கண்ணீர் வழிய ஆரம்பித்தது.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்க வேண்டும்? ஆனந்தம். தோன்றியது. ஆனால் அதற்குப் பின்னாலேயே, மூச்சிரைக்க, மட்கார்டும் வந்து நின்றது. விறுவிறு என்று முன்னால் நடந்து போய், வண்டியின் இடது பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். என்னால் முடிந்த அளவுக்கு அகலமாக.

"மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க."

தள்ளிக்கொண்டேன்.

மாமா குனிந்தார். கையை நீட்டவில்லை. கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டு, பிரேயரில் வேதம் வாசிக்கிற அதே கம்பீரக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார்.

"கலப்படமற்ற... நல்லெண்ணெய். வெயிலில்... வைக்க... வேண்டாம்."

எனக்குப் பூமி பிளந்தால் போதும் போலிருந்தது. என்ன சொல்வது? உப்புத் தண்ணீரிலிருந்து ஆரம்பிப்பதா, துத்தத்திலிருந்தா? "மாமா, அது வந்து..." என்று இழுத்தேன்.

ஜெயமணி என்னைப் பேசவிடவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலேயே தகப்பனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னொரு தடவ வாசிங்க."

வாசித்தார். மூன்றாவது தடவையும் வாசித்தார். குதிரைவண்டிக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். மட்கார்டைப் பற்றி என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். நான் வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

கறுப்புப் பெயின்ட் டப்பா அப்படியே இருக்கிறது... பிரஷ்ஷைத் தொட்டால் அப்பாவும் மகளும் சேர்ந்து முறைக்கிறார்கள்.