கர்த்தர் ‘டி’ போட்டுப் பேசமாட்டார்

எங்கள் வீட்டில் கடவுள் பைபிள் தமிழில்தான் பேசவேண்டும். வேறு தமிழில் பேசினால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவோம். ‘எழும்பு’ என்று கேட்டால் கர்த்தர். ‘எந்திரி’ என்று கேட்டால் அம்மா. ‘செவிகொடு’ என்றால் கர்த்தர். ‘கேளுடி’ என்றால் மறுபடியும் அம்மா. அப்பா இறந்த பிறகு குத்தகை நிலத்தையும் பெண்கள் எங்கள் இரண்டு பேரையும் தனியாகச் சுமந்தவள் அவள். மேலிருந்து தெளிவான உத்தரவு வரவேண்டும் என்று அவள் ஏங்கியதை நான் குறை சொல்லமாட்டேன். வந்த உத்தரவு யாருடையது என்று பார்க்காமல் விட்டதைச் சாகும்வரை சொல்வேன்.

அக்காவை வேதாரண்யம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை உப்பு லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போவார், மற்ற நாட்களில் அக்காவை அடிப்பார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது அக்கா ஒரு பையோடு வந்து இறங்கினாள். கழுத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது. அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டினாள், அழுதாள். நடவு முடிந்ததும், எப்போது கிளம்புகிறாய் என்று கேட்க ஆரம்பித்தாள்.

காரணம் நான்தான். மன்னார்குடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் காலை நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அம்மா கிணற்றடியில் நின்றபடி பாஸ்டரம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். பாஸ்டரம்மா என்றால் எங்கள் சபை பாஸ்டரின் மனைவி. தீர்க்கதரிசன வரம் உள்ளவர் என்று ஊரில் பேர்.

“பெரியவ வாழாவெட்டியா வீட்டுல உக்காந்துட்டா சின்னவள எவன் வந்து கேப்பான்? நீங்களே சொல்லுங்க” என்றாள் அம்மா.

சாயங்காலம் வீட்டுக்கே வந்து ஜெபிப்பதாகப் பாஸ்டரம்மா சொல்லியிருக்கவேண்டும். அம்மா உடனே வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

அன்று மதியம் அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை நிறுத்திவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அக்கா கனவு, தரிசனம் என்று பேசுகிற ஆள் இல்லை. சபையில் சாட்சி சொல்லச் சொன்னால்கூட நாலு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

“போகவா வேண்டாமான்னு தெனமும் ஆண்டவர்கிட்ட கேட்டுட்டு இருந்தேம்மா. இப்ப பதில் வந்துச்சு. ‘போகாதடி, ஒன்னக் கொன்னுடுவான்’னு. பக்கத்துல உக்காந்து சொன்ன மாதிரி இருந்துச்சு.”

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

“கர்த்தர் ‘டி’ போட்டுப் பேசுவாராடி? பைபிள்ல எங்கயாச்சும் அப்படிப் பேசியிருக்காரா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் பாஸ்டரம்மா வந்தார். வாசலில் செருப்பை விடும்போது, வாய்க்காலில் தண்ணீர் குறைந்துபோனதைப் பற்றி எங்களைப் போலத்தான் பேசினார். அக்காவுக்குக் கேட்ட சத்தத்தைப் பற்றி அம்மா சொன்னதும் அவர் முகம் மாறியது. அது வஞ்சிக்கிற ஆவி, குடும்பத்தைப் பிரிக்க வந்தது என்றார். அக்காவை முழங்காலில் நிற்கவைத்து, தலையில் கை வைத்து, கொஞ்ச நேரம் யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசினார். பிறகு குரல் கனத்துத் தீர்க்கதரிசனம் வந்தது.

“மகளே, எழும்பு. நீ விட்டுவந்த வீட்டுக்கே திரும்பிப் போ. உன் தங்கையின் வாசல் உன்னிமித்தம் அடைபடாதிருப்பதாக.”

காலையில் கிணற்றடியிலிருந்து போனில் போன சேதி, சாயங்காலம் இலக்கணம் படித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது. இதைத்தான் அம்மா காலையில் உங்களிடம் சொன்னாள் என்று நான் அங்கேயே சொன்னேன். அம்மா என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அதே ஆவி சின்னவளையும் தொட்டிருக்கிறது என்று பாஸ்டரம்மா வருத்தப்பட்டது கதவுக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது.

பாஸ்டரம்மா வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. பொய்க்காரி என்றால் எங்காவது மாட்டியிருப்பார். அவர் நம்பினார், அம்மா நம்பினாள், கடைசியில் அக்காவும் நம்பிவிட்டாள். தனக்குக் கேட்ட சத்தத்துக்காக அவள் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டு அழுதாள். பாஸ்டரம்மா ஜெப எண்ணெயை விரலில் தொட்டு அவளுடைய இரண்டு காதிலும் பூசினார். இனி அந்தக் காதுகள் தேவ சத்தத்தை மட்டும் கேட்கட்டும் என்றார். மறுநாள் அம்மா புளிச்சோறு கட்டிக்கொடுத்து அவளை பஸ் ஏற்றிவிட்டாள். எண்ணெய் காயாத காதோடு ஜன்னலோரம் உட்கார்ந்து அக்கா எனக்குக் கை காட்டினாள்.

பொங்கலுக்குப் பிறகு, அறுப்பு நேரத்தில், அவளே திரும்பி வந்தாள். இடது காதில் பஞ்சு வைத்திருந்தாள், பஞ்சு மஞ்சளாக ஊறியிருந்தது. தஞ்சாவூர் டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்து சீழ் வைத்துவிட்டது, உள்நரம்பும் போய்விட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார். ஏன் இத்தனை நாள் கூட்டிவரவில்லை என்று என்னைத் திட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் போய் இறங்கிய அன்றே மாப்பிள்ளை கேட்டிருக்கிறார், ஒன்ன யாரு திரும்பி வரச் சொன்னது என்று. அவளுக்குப் பொய் சொல்ல வராது. கர்த்தர் சொன்னார் என்றிருக்கிறாள். அதற்குத்தான் காதில் விழுந்த அந்த அறை.

மன்னார்குடிக்காரர்கள் வரவேயில்லை. அது எனக்கு ஒரு பொருட்டாகவும் இல்லை. ஆனால் இப்போது நான் ஜெபிக்கும்போது ஏதாவது பதில் வந்தால், இதனால் யாருக்குச் சௌகரியம் என்று முதலில் பார்க்கிறேன். எனக்கே சௌகரியம் என்றால் அதை நம்புவதில்லை. நல்ல தமிழில் வந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுகிறேன்.

விஷயம் கேள்விப்பட்டுப் பாஸ்டரம்மா ஆறுதல் சொல்ல வந்தார். அக்கா கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைப் பாய்க்கு இடது பக்கம் போட்டாள். பாஸ்டரம்மா உட்கார்ந்து கண்ணை மூடினார், உண்மையாகவே கண்ணீர் வடித்தார், பிறகு குரல் கனத்தது.

“மகளே, உன் புருஷனை மன்னித்து…”

“இந்தப் பக்கம் கேக்காதுங்க பாஸ்டரம்மா” என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை, தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது வாயைத் திறப்பாள், வந்தவரைப் போகச் சொல்வாள் என்று நினைத்தேன். அம்மா எழுந்து வந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க எந்திரிங்க பாஸ்டரம்மா. அந்தப் பக்கம் போடுறேன், உக்காந்து சொல்லுங்க. அந்தக் காது நல்லாக் கேக்குது.”

நாற்காலி வலது பக்கம் போனது. பாஸ்டரம்மா மறுபடி கண்ணை மூடினார். அக்கா புரண்டு, நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துக்கொண்டாள். செத்த காது மேலே இருந்தது. அந்தக் காதுக்குள் பாஸ்டரம்மா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.