பேட்டரிக்கு மட்டும்

கூட்டத்துக்கு வராதவர் தலையில்தான் பதவி விழும் என்பது அந்தத் தொண்டு நிறுவனத்தின் கல்லூரிக் கிளையில் எழுதாத சட்டம். விலங்கியல் இரண்டாம் ஆண்டுக்காரியான அவள், அன்று ஆய்வுக்கூடத்தில் கரப்பான் பூச்சியின் வாயுறுப்புகளைப் பிரித்து அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டுப் போனைப் பார்த்தால் பொருளாளர் ஆகியிருந்தாள். சாயங்காலத்துக்குள் ‘சில்லறை’ என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குச் சனிக்கிழமைதோறும் போய்ப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், அவர்களுடைய காதுக் கருவிகளுக்கு பேட்டரி வாங்கித் தருவதும் கிளையின் வேலை. அதற்காகத்தான் அவள் சேர்ந்தாள். கணக்கு எழுதுவதற்காக அல்ல. பழைய பொருளாளர் ஒரு செருப்புப் பெட்டி நிறைய ரசீதுகளையும் பாஸ்புக்கையும் கொடுத்து, “ஒண்ணுமே இல்ல, ரொம்ப சிம்பிள்” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

அரையாண்டுப் படிவத்தைப் பூர்த்தி செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். நான்காம் நாள் திரும்பி வந்தது. ‘தொடக்க இருப்பு ஒத்துப்போகவில்லை.’ எதோடு ஒத்துப்போக வேண்டும் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. சரிசெய்து அனுப்பினாள். மறுபடி வந்தது. ‘கட்டுப்படுத்தப்பட்ட நிதி, பொது நிதியில் சேர்க்கப்பட்டுள்ளது. திருத்தவும்.’

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. படிவத்தின் பின்பக்கத்தில் விளக்கம் இருந்தது: ‘கட்டுப்படுத்தப்பட்ட நிதி என்பது கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட நிதி.’ அதைப் படித்ததும் தாளைக் கிழித்துவிடலாம் போலிருந்தது. இணையத்தில் தேடினால், ஒரு சொல்லுக்குப் பதில் அர்த்தம் தெரியாத மூன்று சொற்கள் வந்து நின்றன. வணிகவியல் படிக்கும் அறைத்தோழியைக் கேட்டாள். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே, “அது பேஸிக்டி” என்றாள்.

தலைமை அலுவலகக் கணக்காளருக்குப் போன் போட்டாள்.

“மெயில்லயே தெளிவா எழுதியிருக்கேனேம்மா.”

“புரியலைன்னுதான் சார் கேக்குறேன்.”

“அது ஸ்டாண்டர்ட் டேர்ம். எல்லாக் கிளையும் செய்றாங்க, நீங்களும் செய்ங்க.”

வேலியில் போன ஓணானை அவளாக எடுக்கவில்லை. ஊரே சேர்ந்து எடுத்து அவள் மடியில் விட்டிருந்தது.

இதற்கு நடுவே கிளைத் தலைவன் ஆண்டு விழாவுக்கு அறுபது டி-ஷர்ட் அச்சடிக்கச் சொல்லியிருந்தான். “அக்கவுண்ட்ல நாப்பத்தோராயிரம் சும்மாதான கெடக்குது” என்று காசோலையை நீட்டினான். பாஸ்புக்கிலும் அப்படித்தான் இருந்தது. முன்பணம் பதினைந்தாயிரத்துக்குக் கையெழுத்துப் போட்டாள்.

மறுவாரம் பள்ளி ஆசிரியை கூப்பிட்டார். பேட்டரி தீர்ந்து பத்து நாளாகிறதாம். தலைவனிடம் சொன்னாள்.

“ஷர்ட்டுக்கு இன்னும் ஒம்பதாயிரம் குடுக்கணும். பேட்டரிய அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

சனிக்கிழமை பள்ளிக்குப் போனாள். மூன்றாம் வகுப்பில் அவள் பேசப் பேச, பிள்ளைகள் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி தன் கருவியைக் கழற்றிப் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இரண்டு கைகளையும் கன்னத்தில் சேர்த்துத் தலையைச் சாய்த்துக் காட்டினாள்: அது தூங்குகிறது.

அறைக்கு வந்ததும் செருப்புப் பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தாள். எங்கேயாவது பணம் ஒளிந்திருக்காதா என்கிற ஆத்திரம். ரசீதுகளுக்கு அடியில் நான்காக மடித்த கடிதம் ஒன்று கிடைத்தது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுதியது. பேத்தி அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாளாம். முப்பதாயிரம் அனுப்பியிருந்தார். ‘பேட்டரிக்கு மட்டும். வேறு எதற்கும் வேண்டாம்’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தார்.

அவள் கடிதத்தையும் பாஸ்புக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். வங்கியில் இப்போது இருந்தது இருபத்தாறாயிரத்து முந்நூறு. கணக்காளருக்குப் போன் போட்டு இரண்டு தொகையையும் சொன்னாள்.

“சார், எங்க அக்கவுண்ட்ல இருக்கும், ஆனா எங்க பணம் இல்ல. குடுத்தவரு எதுக்குச் சொன்னாரோ அதுக்குத்தான் எடுக்கணும். அதான கட்டுப்படுத்தப்பட்ட நிதி?”

“அதத்தான் மெயில்லயே எழுதினேன்.”

“இப்படி எழுதலையே சார் நீங்க.”

அவர் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “மூவாயிரத்து எழுநூறு குறையுதும்மா. சீக்கிரம் போட்டுடுங்க” என்று வைத்துவிட்டார்.

அன்று மாலைக் கூட்டத்தில் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். “ஷர்ட் வேணும்கிறவங்க தலைக்கு நானூறு குடுங்க. கிளைப் பணத்துல இனி ஒரு நூல்கூட வாங்க முடியாது.”

“ஒரு மாசம் தள்ளிப்போனா என்ன ஆயிடும்? அந்தப் பெரியவருக்குத் தெரியவா போகுது?” என்றான் தலைவன்.

“நான்தான கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரியும்ல.”

“பதவி வந்ததும் பேச்சப் பாரு” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். ஊரான் வீட்டு நெய்யே என்று அள்ளி ஊற்றியபோது அவளும் கரண்டி பிடித்திருந்தாள். அந்தக் கோபத்தில்தான் குரல் நடுங்கியது, அவர்கள் நினைத்ததுபோல் பயத்தில் அல்ல.

நாற்பத்தொரு பேர் பணம் கொடுத்தார்கள், பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே. அச்சகத்துக்காரருக்கு மிச்சத்தைக் கொடுத்த பிறகும் பேட்டரிப் பணத்தின் குறை அடைபட்டது. திங்களன்று முப்பதாயிரத்துக்கும் பேட்டரி வாங்கி அவளே பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆசிரியை பெற்றுக்கொண்டு, “போன மாசமே வந்திருக்கலாம்மா” என்றார்.

வாங்க ஆளில்லாத பத்தொன்பது டி-ஷர்ட்டுகள் அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. தலைவன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பேருந்து ஓட்டுநருக்கு ரசீதின் நகலோடு, பேட்டரி ஏன் தாமதமானது என்பதையும் ஒளிக்காமல் எழுதி அனுப்பினாள். படிவத்தையும் திருத்தி மூன்றாம் முறையாக அனுப்பினாள். நிதிப் பகுதியில் ஒரு குறையும் இல்லை என்று கணக்காளர் பதில் போட்டிருந்தார். கீழே இன்னொரு வரி: ‘செலுத்த வேண்டிய செலவினங்கள் காட்டப்படவில்லை. திருத்தவும்.’

அவள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். “அப்படின்னா என்ன சார்? தமிழ்ல சொல்லுங்க” என்று பதில் தட்டிவிட்டு, ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள்.