பெரியம்மாவின் கார் யாருக்கு ஓடும்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் இருந்தது ஒரே ஒரு கார். அது பெரியம்மாவுடையது. பெரியப்பாதான் ஓட்டுவார், கழுவுவார், அதற்கு அடியில் படுத்துக் கிடந்து முதுகெல்லாம் எண்ணெயாக எழும்பி வருவார். ஆனாலும் கார் பெரியம்மாவுடையதுதான். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு; மாப்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். பெரியம்மாவின் அப்பா மூத்த மகளுக்கு வீட்டோடு காரையும் சேர்த்துச் சீதனமாகக் கொடுத்திருந்தார். காரும் பெரியப்பாவும் ஒரே நாளில் பெரியம்மாவின் கைக்கு வந்ததாகவும், இரண்டில் காருக்குத்தான் அதிக மரியாதை கிடைத்ததாகவும் என் அம்மா சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீடு அதே வளவில், நடுவில் வேலி இல்லாமல் இருந்தது. ஆகவே அந்தக் கார் பாதி என்னுடையது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யுத்தக் காலம். பெட்ரோல் வாவியைத் தாண்டி எங்கள் கரைக்கு வராது, புதுப் பற்றரியும் வராது. கார் மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெட்ரோல் வைத்திருப்பார் பெரியப்பா. அதைக் கண்ணுக்கு மருந்து விடுகிற மாதிரிக் காபரேட்டருக்குள் நாலு சொட்டு விட்டு, முன்னால் போய்க் குனிந்து ஹாண்டிலைச் சுழற்றினால், கார் இருமி, செருமி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எழும்பும். பிள்ளைப்பேற்றுக்கும் பாம்புக்கடிக்கும் வட்டை வயலில் வெயில் பட்டு விழுந்தவர்களுக்கும் அந்தக் கார்தான். துறைவரை கொண்டுபோய், அங்கே மிதவையில் காரையும் ஏற்றி, அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் பெரியப்பா. ஊரில் என் வயதுப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேராவது அந்தக் காரின் பின் சீற்றில் பிறந்தவர்கள்.

இப்படி ஊருக்கே உழைத்த கார் சில நாட்களில் ஒரேயடியாக மறுத்துவிடும். பெரியப்பா என்ன செய்தாலும் கிளம்பாது. ஹாண்டிலைச் சுழற்றிச் சுழற்றி அவருக்கு மூச்சு வாங்கும். பிளக்குகளைக் கழற்றித் துடைப்பார், எண்ணெய்க் குழாயை வாயில் வைத்து ஊதுவார், பிள்ளையாரைக் கூப்பிடுவார். அது கல்லுமாதிரி நிற்கும். ஏன் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன். வகுப்பில் முதலாம் பிள்ளை நான். என்னால் முடியாதது ஒன்றும் இருப்பதாக அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அதே மண்ணெண்ணெயில் எங்கள் குப்பிவிளக்கு நன்றாக எரிந்தது. பிறகு வாவிக் காற்றின் ஈரம் என்று நினைத்தேன். மாரிமழை கொட்டிய ஒரு நாளில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்காக அது முதல் சுற்றிலேயே கிளம்பி என் மானத்தை வாங்கியது. செவ்வாய்க்கிழமை தோஷமோ என்றும் பார்த்தேன். கடைசியில் கிழமையையும் காற்றையும் விட்டுவிட்டு, யார் வருகிறார்கள் என்று கவனித்தேன். உடனே விளங்கியது. தோளில் துவக்கோடு ஆட்கள் வரும் நாட்களில் மட்டும்தான் கார் கிளம்புவதில்லை.

துவக்கு வைத்திருந்தவர்களில் அப்போது பல வகை இருந்தார்கள். எங்கள் ஊரில் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை, 'ஆக்கள் வந்தவங்க' என்பதோடு முடித்துக்கொள்வார்கள். வருகிறவர்கள் ஓர் அவசரத்துக்கு வாகனம் வேண்டும் என்பார்கள். வாகனம் மட்டும் போதாது, ஓட்டுகிறவரும் கூடப் போக வேண்டும். பக்கத்து ஊரில் வேன் வைத்திருந்த ஒருவர் அப்படித்தான், "இந்தா வாறன்" என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டு ஏறிப் போனார். வேனும் வரவில்லை, அவரும் வரவில்லை. அந்த அம்மா பின்னேரங்களில் றோட்டுக்கு வந்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே எங்கள் வீட்டில் எல்லோருடைய முகமும் மாறுவது அதனால்தான்.

எங்கள் காருக்கு ஆள் தெரியும், கூடாத வேலைக்கு அது போகாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சிலர் கடந்துபோகும்போது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவும் செய்தார்கள். முதலாம் பிள்ளையான நான் இதை நம்பத் தயாராக இல்லை.

காரணம் ஒருநாள் தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. பேன் பார்க்கச் சீப்போடு தேடிய அம்மாவுக்கு ஒளித்து, கார்க் கொட்டிலுக்குள் போய்ப் பின் சீற்றில் படுத்துக் கிடந்தேன். தூரத்தில் வட்டைப் பக்கமாக மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. உடனே பெரியம்மா கொட்டிலுக்குள் விறுக்கென்று வந்தார். கையில் வெற்றிலை பாக்கு வைக்கிற பித்தளை வட்டா. காரின் முன் மூடியைத் தூக்கினார். நான் எழும்பிப் பார்த்தேன். மூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அவருடைய கைகள் மட்டும் தெரிந்தன. எஞ்சினின் பக்கத்தில் ஒரு கறுப்புக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒன்று, அதிலிருந்து தடித்த வயர்கள் பிளக்குகளுக்குப் போகும். அதன் இரண்டு கவ்விகளையும் தட்டிக் கழற்றி, உள்ளே இருந்து கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்றைப் பிடுங்கி எடுத்தார். கிண்ணத்தைத் திரும்பக் கவிழ்த்துக் கவ்விகளை மாட்டினார். துண்டு வட்டாவுக்குள் போனது, அதன்மேல் வெற்றிலை அடுக்கப்பட்டது. கறி தாளிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மூடியை இறக்கியபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் முகம், இந்தப் பக்கம் என் முகம்.

"என்ன பாத்தாய்?" என்றார்.

"ஒண்டும் பாக்கல்ல, பெரியம்மா."

"கெட்டிக்காரி. இறங்கி வா."

வந்தவர்கள் கதிரைகளில் உட்கார்ந்தார்கள். வீட்டுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் வட்டா நீட்டுவது எங்கள் வழக்கம். பெரியம்மா நீட்டினார். அவர்கள் ஆளுக்கொரு வெற்றிலை எடுத்துச் சுண்ணாம்பு தடவி, காரின் உயிரே அந்த வட்டாவுக்குள் கிடப்பது தெரியாமல், "கார் ஏன் ஸ்டார்ட் வருகுதில்ல?" என்று பெரியப்பாவை விசாரித்தார்கள். பெரியப்பா வியர்த்து வடிந்தார். ஹாண்டிலைச் சுழற்றினார், ஊதினார், துடைத்தார், பிள்ளையாரைக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

அவர்கள் போன பிறகு பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் கேட்டேன். அந்தத் துண்டுக்கு ரோட்டர் என்று பெயர். அது இல்லாவிட்டால் பிளக்குக்கு நெருப்புப் போகாது, கார் வெறும் இரும்பு. பெரியம்மாவின் தம்பிமார் இளவயதில் காரைக் களவாகக் கொண்டு ஓடாமலிருக்க அவருடைய அப்பா அதைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைப்பாராம். மூத்த மகளுக்கு மட்டும் காட்டிக் கொடுத்திருக்கிறார்.

"பெரியப்பாவுக்கும் தெரியுமா?"

"அந்த மனிசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, புள்ள. மூஞ்சி காட்டிக் குடுத்திரும். தெரியாம இருந்தாத்தான் மனிசன் உசிரோட இருப்பார்."

அன்றிலிருந்து பெரியப்பாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷம் கார் ஓட்டிய மனிதருக்கு எட்டாத விஷயம் எனக்குத் தெரியும். அவர் குழாயை ஊதும்போதெல்லாம் காதுக்குள் சொல்லிவிடலாமா என்று நாக்குத் துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வேன். ஊரில் காரைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருத்தி நான் என்பதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பிறகு ஒரு பின்னேரம் அவர்கள் வந்தபோது கூடவே இன்னொருவனையும் கூட்டி வந்தார்கள். மெலிந்த பொடியன். மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. நகக்கண்ணெல்லாம் கிறீஸ். பெரியப்பா வழக்கம்போல ஹாண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்க ஐயா," என்றான் அவர்களில் பெரியவன். "எங்கட ஆள் பாக்கட்டும். வண்டி கிளம்பினா நீங்களும் வெளிக்கிட்டு வாங்க."

பெரியம்மாவின் கையில் வட்டா இருந்தது. அதற்குள் ரோட்டர் இருப்பது எனக்குத் தெரியும். பொடியன் பெட்ரோல் கேட்கவில்லை, குழாயையும் ஊதவில்லை. ஒரேயொரு தடவை ஹாண்டிலைச் சுழற்றிக் காது கொடுத்துக் கேட்டான். நிமிர்ந்து, மூடியைத் தூக்கி, நேராக அந்தக் கறுப்புக் கிண்ணத்தில் கையை வைத்தான். கவ்விகள் கழன்றன. நான் மட்கார்டோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே ரோட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக ஒரு கம்பி நின்றது.  இனிப் பெரியப்பா போகப் போகிறார், பெரியம்மா றோட்டில் வந்து நிற்கப் போகிறார் என்று நினைத்தேன்.

பொடியன் அந்தக் கம்பியை விரலால் தொட்டான். தலையை நிமிர்த்திப் பெரியம்மாவைப் பார்த்தான். வட்டாவின் விளிம்பில் பெரியம்மாவின் காப்புகள் பட்டு டிங் டிங் என்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

"எந்த ஊர், மனே?" என்று பெரியம்மா கேட்டார்.

"வாகரைப் பக்கம்."

"இந்த வேலையெல்லாம் எங்க பழகினாய்?"

"எங்கட அப்பாட்ட லொறி ஒண்டு இருந்தது."

"அப்பா இப்ப எங்க, மனே?"

பொடியன் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் ஹாண்டிலைப் பிடித்தபடி, எண்ணெய் ஊறிய இடுப்புச் சாரத்தோடு, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துக் கவ்விகளை மாட்டிவிட்டு, முன் மூடியை இறக்கினான்.

"என்ன?" என்றான் பெரியவன்.

"எஞ்சினுக்குள்ள பழுதாப் போயிற்று, அண்ண. முழுக்க இறக்கினாத்தான். இழுத்துக்கொண்டு போனாலும் சும்மா பாரம்."

"வடிவாப் பாத்தியா?"

"பாத்தன்."

பெரியவன் அவனையே பார்த்தான். பொடியன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு பெரியம்மாவிடம் வந்து, வட்டாவில் மேலாகக் கிடந்த ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்தான். வாயில் போடவில்லை, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். மோட்டார்சைக்கிள்கள் கடப்பு வாசலைத் தாண்டி றோட்டில் ஏறின.

பெரியப்பா ஹாண்டிலைக் கீழே போட்டுவிட்டு மண்ணிலேயே குந்திவிட்டார். "அதைக் கெதியா வேற எங்கயும் வை," என்று பெரியம்மாவிடம் சொன்னார். "இனி வட்டா சரிவராது."

பெரியம்மா வட்டாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அந்தக் கறுப்புக் கிண்ணத்த மட்டும் ஒருநாளாவது நான் திறந்தனானா?"

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இவ்வளவு நாளும் நான் பாவப்பட்ட மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டே குழாயை ஊதியிருக்கிறார். ஊரில் காரைப் பற்றித் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்ற என் கணக்கு பிழைத்துவிட்டது. ஆனாலும் மனம் விடவில்லை. எனக்குக் கீழே இன்னும் ஒருவன் இருந்தான்.

"அந்த அண்ணனுக்குத்தான் ஒண்டும் தெரியாது, என்ன?" என்று உரத்துச் சொல்லிச் சிரித்தேன். "கைய உள்ளுக்கு வைச்சும் ரோட்டர் இல்லயெண்டு கண்டுபிடிக்கத் தெரியல்ல! அவரெல்லாம் ஒரு மெக்கானிக்!"

பெரியம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். வட்டா கீழே விழுந்து வெற்றிலையெல்லாம் சிதறியது. 

"கத்தாத, புள்ள. அந்தப் பொடியனப் பத்தி ஒருத்தரிட்டயும் வாய் திறந்திராத. அவங்க இன்னும் வாய்க்கால் தாண்டல்ல."

கையை எடுத்த பிறகும் அவர் விழுந்ததைப் பொறுக்கவில்லை. கடப்படியில் போய் நின்று, மோட்டார்சைக்கிள் சத்தம் வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்வரை, தாண்டிய பிறகும், காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பெரியப்பாவும் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றார்.  ரோட்டரைத் தேடி எடுத்து மண்ணைத் துடைத்தவள் நான்தான். கார் எங்களிடம்தான் இருக்கிறது, பெரியப்பாவும் இங்கேதான் நிற்கிறார், பிறகு என்ன பயம் என்று எனக்கு விளங்கவேயில்லை.