பார்க்காமல் ‘ஆச்சுங்க’ என்று சொல்லாதவர்

சாந்தாமணி அவர்கள் இறந்த செய்தியைச் சோமனூரிலிருந்து அவருடைய அண்ணன் போனில் சொன்னார். “ஏனுங்க, நம்ம சாந்தாமணி காலைல தவறிப்போச்சுங்க. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க.” சரவணம்பட்டி அலுவலகத்தில் லிஃப்ட் வாசலில் நின்றிருந்தேன். முதலில் எனக்குத் துக்கம் வரவில்லை. ஐந்து வாரமாக நான் பதில் போடாமல் வைத்திருந்த அவருடைய மெயில்தான் நினைவுக்கு வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி ஓட்டலாம். அதுதான் வர்ச்சுவல் மெஷின். உள்ளே இருப்பதற்குச் சொந்த டிஸ்க் கிடையாது. அது எழுதச் சொல்வதை வெளியே இருக்கும் உண்மையான டிஸ்க்கில் சேர்த்துவிட்டு, ‘எழுதியாச்சு’ என்று பதில் கொண்டுவரும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். யாரும் படித்துத் திருத்தக்கூடிய ஓர் இலவச இயங்குதளத்தில் அந்த டிரைவரைப் பன்னிரண்டு ஆண்டுகள் சம்பளமில்லாமல் பராமரித்தவர் சாந்தாமணி.

ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தோம். சனிக்கிழமைகளில் இருவரும் அந்த டிரைவர் வேலையைப் பார்ப்போம். அவரிடம் எதையும் ‘முடிந்தது’ என்று சொல்லித் தப்ப முடியாது. “ஆச்சுன்னு யாருங்க சொன்னது? டிஸ்க் சொல்லுச்சா, நீங்களா சொல்றீங்களா?” என்பார். டிபன் கடையில் பார்சல் கட்டியாச்சு என்று கொடுத்தால், அங்கேயே பிரித்துச் சட்னியை எண்ணிவிட்டுத்தான் நகர்வார். கடைக்காரர் ஒருமுறை, “அம்மணி, ஊட்டுக்காரரையும் இப்படித்தான் பிரிச்சுப் பாத்துக் கட்டுனீங்களா?” என்றார். “அங்கதாங்க ஏமாந்துபோட்டேன்” என்றார் சாந்தாமணி.

மின்சாரம் திடீரென்று போனால், ‘எழுதியாச்சு’ என்று டிரைவர் சொன்னதெல்லாம் உண்மையிலேயே டிஸ்க்கில் இருக்கிறதா? அவருடைய ஆர்வமெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான். அலுவலகத்தில் கரண்ட் போவதே இல்லை. ஆகவே ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ச் சோமனூரில் அண்ணனுடைய விசைத்தறிக் கூடத்தில், தறிகளின் மெயின் சுவிட்சோடு சேர்த்து வைத்தார். அது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களை எழுதிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் மெயினை அணைத்தால் அதுவும் அணையும். கரண்ட் வந்ததும், ‘ஆச்சு’ என்று சொன்ன கடைசி எண் டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்ப்பார்.

அந்த டிரைவரை வேகமாக்க நான் ஒரு திருத்தம் எழுதினேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் டிஸ்க்குக்கு ஓடாமல், பலவற்றைச் சேர்த்து ஒரே தடவையில் முடிப்பது. சோமனூரில் மூன்று வாரம் ஒரு எண்கூடத் தவறவில்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். நான்காம் வாரம், இந்த வேலை செய்பவர்கள் எல்லாரும் படிக்கும் பொது மடற்குழுவில் அவர் ஒரே வரி எழுதினார்: “இந்தத் திருத்தம் பொய் சொல்கிறது. நீக்கிவிட்டேன்.”

“மூணு வாரம் பாஸானது இப்ப எப்படிங்க ஃபெயிலாகும்?” என்று கேட்டேன். “அண்ணி யூபிஎஸ் மாட்டிப்போட்டாங்க. மெயினை அணைச்சாலும் மூணு வாரமா அது அணையவே இல்லீங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்” என்றார். அதை நான் நம்பவில்லை. குழுவில் பலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்று உருக்கமாக இரங்கல் எழுதுபவர்களில் சிலர் அன்று சிரித்தவர்கள்தாம். பேச்சு அலுவலகம் வரை வந்தது; அந்த ஆண்டு பதவி உயர்வு எனக்கு வரவில்லை. நான் வேறு நிறுவனத்துக்குப் போனேன்.

பேச்சு நின்றது, வேலை நிற்கவில்லை. ஒருவர் எழுதிய திருத்தத்தை அதில் பங்கில்லாத இன்னொருவர் சோதித்து, ‘பார்த்தவர்’ என்று தன் பெயரை இட்டால்தான் இயங்குதளத்தில் சேர்ப்பார்கள். அந்த டிரைவரை முழுக்க அறிந்தவர்கள் நாங்கள் இருவரே. எட்டு ஆண்டுகள் இரண்டு வரி மெயில்களில் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தோம்.

கடைசியாக வந்த மெயிலைத் துக்கம் கேட்கப் போவதற்கு முன்தான் முழுதாகப் படித்தேன். என் பழைய எண்ணமேதான். பலவற்றைச் சேர்க்கிறது, ஆனால் உண்மையான டிஸ்க் முடித்த பிறகே பதில் சொல்கிறது. நான் விட்ட இடம் அதுதான். கீழே எழுதியிருந்தார்: “எண்ணம் உங்களுது. எழுதியவர்ன்னு உங்க பேரையும் போடறதா, பார்த்தவர்ன்னு போடறதா, நீங்களே சொல்லுங்க. ரெண்டும் போட முடியாது. அவசரம் இல்லீங்க, ஆனா பாக்காம ஆச்சுன்னு சொல்லிராதீங்க.”

எழுதியவராக என் பெயரைப் போட்டால், இனி சோதித்துப் பெயரிட ஆளே இல்லை. இந்த மாத வெளியீட்டில் சேராவிட்டால், பதில் சொல்ல ஆளில்லாத திருத்தம் என்று தள்ளிவிடுவார்கள்.

சோமனூரில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் அந்தக் கம்ப்யூட்டர் துண்டு போர்த்தியபடி இருந்தது. நான் கேட்காமலேயே அவருடைய அண்ணி சொன்னார். “கரண்டு போறப்பல்லாம் செத்துச் செத்துப் பொழைக்குதேன்னு பாவமா இருந்துச்சுங்க. பழைய பேட்டரிப் பொட்டி ஒண்ணு ஊட்டுல கெடந்துச்சு, மாட்டிப்போட்டேன். அம்மணி வந்து பாத்துப்போட்டு விழுந்து விழுந்து சிரிச்சுது. அப்பறம், ‘அண்ணி, ஒரு மனுசனுக்கு இப்ப நான் போன் பண்ணோணும், எப்படிச் சொல்றதுன்னு தெரியல’ன்னு ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சுங்க.”

அந்தப் போன் எனக்கு வரவில்லை. ஊரறிய எழுதும் முன் என்னிடம் சொல்லியிருக்கலாம். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. யூபிஎஸ் கதையை நம்பாமல் எட்டு ஆண்டுகள் வீணாக்கியது என் கணக்கில் இருக்கிறது.

அவருடைய திருத்தத்தை அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சுவரோரம் குனிந்து, பேட்டரி எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் மெயினை அணைத்தார். தறிச் சத்தம் நின்றதும் காது அடைத்ததுபோல் இருந்தது. மறுபடி போட்டார். தொடர்ந்து நான்கு நாள் போய் இதையே செய்தேன்.

நான்காம் நாள் அண்ணி கேட்டார், “ஆச்சுங்களா?”

“இருங்க, இன்னும் பாக்கலீங்க.”

கடைசி எண் வரை பார்த்தேன். எல்லாம் இருந்தன. எழுதியவர் என்ற இடத்தில் சாந்தாமணி என்ற பெயர் மட்டும் இருக்க, பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை இட்டு, அங்கிருந்தே அனுப்பினேன்.

போய் வாருங்கள், சாந்தாமணி. பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆச்சுங்க.