ஜூமக்கா எடுத்த முகம்

எங்கள் கடையில் முதலாளிக்கு நாற்காலி உண்டு. வாங்க வருகிறவர்களுக்கு இரண்டு ஸ்டூல் உண்டு. விற்கிறவர்களுக்கு எதுவும் கிடையாது. உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடுமாம். அந்தச் சோம்பல் வராமல் ஜூமக்கா இருபது வருடத்துக்குப் பக்கமாக நின்றுகொண்டே கேமரா விற்றாள். சாயங்காலம் ஆனால் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் காலில் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டு முதலாளி ஒருநாள், "நடந்து பழகும்மா, ரத்த ஓட்டம் நல்லா இருக்கும்" என்றார். நாற்காலியில் சுழன்றுகொண்டே சொன்னார்.

நான் அதே கடையின் பின்னறையில் படம் அச்சடிக்கிறவன். முன்கடையின் ஏசி அவளுக்கு, மெஷினின் சூடு எனக்கு. ஆனாலும் அவள் பிழைப்பைவிட என் பிழைப்பு மேல். எனக்குப் பொய் சொல்கிற வேலை இல்லை.

ஜூமக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். அவள் கேமரா விற்கிற விதமே தனி. யாராவது வந்து தயங்கி நின்றால் பேசிக்கொண்டிருக்க மாட்டாள். ஜூம் கேமராவை எடுத்து அவர் கையில் திணித்து, கடை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சாலைக்கு எதிரே கட்டடங்கள், அதற்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கும் அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் இரும்பு ஏணியில் எந்நேரமும் புறாக்கள் உட்கார்ந்திருக்கும்.

"அந்தத் தொட்டி தெரியுதா சார்? இப்ப இதை இழுங்க. நல்லா இழுங்க. ரப்பரா என்ன, அறுந்தா போயிடும்?"

வந்தவர் விரலால் நெம்புவார். லென்ஸ் மூக்கை நீட்டும். தொட்டி கிட்டே வரும், ஏணி கிட்டே வரும், கடைசியில் ஒரு புறாவின் அலகு திரை முழுக்க நிற்கும். "அட!" என்பார். அந்த 'அட' வாயிலிருந்து வந்துவிட்டால் ஆள் விழுந்தார் என்று அர்த்தம். மிச்சத்தை முதலாளி பார்த்துக்கொள்வார். நியாயமாகப் பார்த்தால் அந்தப் புறாக்களுக்கும் மாதச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

கைபேசிகள் சுமாராகப் படமெடுத்த காலம் அது. பட்டப்பகலில் தொட்டியை எடுக்க அந்த ஜூம் கேமரா போதும். ஆனால் யாரும் வீட்டில் தண்ணீர்த் தொட்டியை மாட்டிவைப்பதில்லை. அறைக்குள், விளக்கு வெளிச்சத்தில், தங்கள் மனிதர்களைத்தான் எடுப்பார்கள். அங்கே அது பல்லைக் காட்டிவிடும். காரணம் சின்னதுதான். அந்தக் கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற சென்சார் சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். போதாக்குறைக்கு, இழுக்க இழுக்க லென்ஸின் வாயும் சுருங்கும். வெளிச்சம் கிடைக்காமல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும். அந்தப் புள்ளிகளை அழிக்கிறேன் பேர்வழி என்று கேமரா முகத்தையும் சேர்த்து வழித்துத் துடைத்துவிடும். பின்னறையில் எனக்கு வருகிற படங்களில் பாதி அப்படித்தான் இருக்கும், களிமண் முகங்கள்.

பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் இன்னொரு கேமரா இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னது, கறுப்பு, பார்க்க ஒன்றுமேயில்லை. மூன்று மடங்குதான் இழுக்கும். ஆனால் உள்ளே கட்டைவிரல் நகம் அளவுக்குச் சென்சார். ஒரே ஒரு விளக்கு எரிகிற அறையில் எடுத்தாலும் இமை மயிர்கூடத் தனித்தனியாக வரும். விலை இரண்டு மடங்கு. வாசலில் கொண்டுபோய்க் காட்டினால் தொட்டி தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும், எவரும் 'அட' சொல்ல மாட்டார்கள். அதனால் அது பெட்டிக்குள்ளேயே இருந்தது. இதெல்லாம் ஜூமக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டால், "தெரிஞ்சு என்ன பண்றது தம்பி? அவங்க இழுக்கத்தானே வர்றாங்க" என்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு இவள்தான் அந்தப் பெண்ணைப் படிக்கவைத்தாள், கல்யாணம் செய்துகொடுத்தாள். தன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "நின்னே பழகிட்டேன், மணையில உட்கார வராது" என்று சிரிப்பாள். தங்கை வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. ஒருமுறை அவர் ஊர் வந்திருந்தபோது இருவரும் கேமரா வாங்கக் கடைக்கு வந்தார்கள்.

தங்கைக்குப் பிடித்தது பெட்டிக்குள் இருந்த சின்னதுதான். கையில் எடுத்து, மூடி மூடித் திறந்து பார்த்தாள். "அக்கா, இது கைக்கு அடக்கமா இருக்கு. இதையே எடுத்துக்கறோமே."

"அது மூணு மடங்குதான்டி இழுக்கும். இது முப்பது. விலையும் பாதி. கண்ணை மூடிக்கிட்டு இதை எடு."

"நாங்க வீட்டுக்குள்ளதானேக்கா எடுக்கப் போறோம்?"

"வீட்டுக்குள்ளயே கிடக்கவா உன்னைக் கட்டிக் குடுத்தேன்? வா, வாசலுக்கு வா, காட்டறேன்."

காட்டினாள். தங்கையும் "அட" என்றாள். அவர்கள் போன பிறகு நான் கேட்டேன்: "ஏன்கா, தங்கச்சிக்குமா?" அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வாய் தானா வந்துடுச்சு தம்பி." ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம் என்பார்கள். அன்றைக்கு நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சிரிக்கத்தான் செய்தோம்.

அடுத்த வருடம் தங்கை உண்டானாள். வீட்டுக்காரர் கடலில். நாள் ஆவதற்கு வெகு முன்பே வலி கண்டு, வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. கைப்பிடி அளவு இருந்தது என்று சொன்னார்கள். பிரசவம் பார்த்த சின்ன ஆஸ்பத்திரியில் அதை வைத்துப் பார்க்க வசதி இல்லையென்று பிறந்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். தாய் மயக்கத்தில் இருந்தாள். கண் விழித்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை. எழுந்து நடக்கவும் முடியாது, காய்ச்சல் வேறு. ஜூமக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"என் பொண்ணு முகத்தை நான் இன்னும் பார்க்கலைக்கா. படமாவது எடுத்துட்டு வா."

மறுநாள் கடையில் ஜூமக்கா நேராக முதலாளியிடம் போனாள். கண்ணாடிப் பெட்டிக் கேமராவை ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் கேட்டாள்.

"எதுக்கு?"

சொன்னாள். குறைமாதக் குழந்தைகள் இருக்கிற அறை அரை இருட்டாகத்தான் இருக்குமாம், ஃபிளாஷ் போடக் கூடாதாம், கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் எடுக்க வேண்டுமாம்.

"அடடா" என்றார் முதலாளி. வருத்தமாகத்தான் சொன்னார், அதைக் குறை சொல்லக் கூடாது. பிறகு கேட்டார்: "உன் தங்கச்சி வீட்டுல நம்ம ஜூம் கேமரா இருக்குமே?"

"இருக்கு சார். ஆனா அது, வெளிச்சம் கம்மியா இருந்தா..."

"இருந்தா?"

அவள் நிறுத்திக்கொண்டாள்.

"அதுல எடுக்க முடியாத படமே கிடையாதுன்னு நேத்துகூட ஒருத்தர்கிட்ட சொன்னே. நான் இங்கேயே உட்கார்ந்து கேட்டுட்டிருந்தேன். அப்ப என்ன, கஸ்டமர்கிட்டப் பொய் சொல்லியா விக்கறே?"

கடையில் அப்போது இரண்டு பேர் வாங்க வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே அந்த ஆள் கேட்டார். ஜூமக்கா அவர்களைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். "பொய் இல்ல சார். நல்ல கேமராதான்" என்றாள். பிறகு வந்தவர்களிடம் திரும்பி, "வாங்க சார், வாசலுக்கு வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். அந்த மாதம் முழுக்க அந்தச் சின்னக் கேமராவை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஜூமக்கா தங்கை வீட்டு ஜூம் கேமராவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணாடிச் சுவர், உள்ளே நாலைந்து பெட்டிகள், திரை போட்ட ஜன்னல். நர்ஸ் ஒரு பெட்டியைக் கைகாட்டிவிட்டு, சீக்கிரம் முடியுங்கள் என்றாள். ஜூமக்காவும் அவசர அவசரமாக எடுத்தாள். கேமராவின் குட்டித் திரையில் போட்டுப் பார்த்தபோது முகம் நன்றாகத்தான் தெரிந்தது. அந்தத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். அதுவும் கடைக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

மறுநாள் விடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

குழந்தையைத் தாயிடம் எடுத்துப்போய்க் காட்டுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. வீட்டுக்காரரின் அண்ணனும் மற்ற பெரியவர்களும், பச்சை உடம்புக்காரி, காய்ச்சல் வேறு, தாங்க மாட்டாள் என்றார்கள். முடிவை ஜூமக்காவிடம் விட்டார்கள். அவள் என்னிடம் பிறகு அந்த வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னாள்: "'படம்தான் எடுத்து வெச்சிருக்கேனே, தேறினதும் நிதானமாப் பார்த்துக்கட்டும்'னு நான்தான் தம்பி சொன்னேன்." அப்படியே அடக்கம் செய்துவிட்டார்கள்.

தங்கை வீடு திரும்புகிற நாளன்று கேமராவிலிருந்த கார்டை ஜூமக்கா என்னிடம் கொண்டுவந்தாள். "பெருசாப் போடு தம்பி. சுவத்துல மாட்டற மாதிரி."

மானிட்டரில் திறந்தேன். எல்லாப் படத்திலும் ஒரு பொம்மைத் தொப்பி, ஒரு டியூப், நடுவில் வழித்துவிட்ட மாவு மாதிரி ஏதோ. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினேன், புள்ளிகள் பொங்கின. குறைத்தேன், இருந்ததும் போயிற்று. இல்லாத முகத்தை எந்த மெஷின் கொண்டுவரும்? எந்தப் படத்தை எவ்வளவு இழுத்து எடுத்தது என்று கோப்பிலேயே பதிவாகியிருக்கும். பார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாமே கடைசி வரைக்கும் இழுத்து எடுத்தவை.

எனக்குக் கோபம் வந்தது. கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். "ஏன்கா இழுத்தீங்க? இழுக்காம, கண்ணாடியில ஒட்டி நின்னு எடுத்திருந்தா இதுலயே ஓரளவு முகம் வந்திருக்குமே. உங்களுக்குத் தெரியாததா?"

அவள் தன் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். "தெரியும் தம்பி. கேமராவைத் தூக்கினதும் விரல் தானா இழுத்துடுச்சு."

இருந்ததில் ஏதோ பரவாயில்லை என்று தோன்றியவற்றைச் சிறிய அளவிலேயே அச்சடித்து உறையில் போட்டேன். தனியாகப் போக அவளுக்குத் தைரியம் இல்லை, என்னையும் கூட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, எனக்கும் அந்த முகம் ஞாபகத்துல இல்ல. யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், வரவே மாட்டேங்குது. அவ்வளவு நேரமும் நான் ஸ்கிரீனைத்தான் பார்த்துட்டு நின்னேன்."

எங்கள் நிறுத்தம் வந்தது, இறங்கினோம்.

தங்கை கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. நான் வாசற்படியோடு நின்றுகொண்டேன். உறையை வாங்கி ஒவ்வொரு படமாக எடுத்தாள். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதுல முகம் எங்கக்கா?"

"அங்க வெளிச்சமே இல்லடி. எடுக்கும்போது நல்லாத்தான் தெரிஞ்சுது..."

"சரி விடு." தங்கை அழவில்லை. படங்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டாள். "படம் போனாப் போகட்டும். நீ நேர்லயே பார்த்தேல்ல? நீ சொல்லு. எப்படி இருந்தா? யார் ஜாடை?"

ஜூமக்கா வாயைத் திறந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடை வாசலில் இத்தனை வருடம் கேட்ட அதே குரல் வந்தது, தடங்கலே இல்லாமல்.

"அப்படியே உன் ஜாடைடி. உன் நெத்தி, உன் மூக்கு, உரிச்சு வெச்ச மாதிரி. கண்ணு மட்டும் அவ அப்பா கண்ணு. பெருசு பெருசா, கருகருன்னு. நான் போய் நின்னதும் திரும்பி என்னையே பார்த்தா."

"கண்ணைத் தொறந்து பார்த்தாளா?"

"பார்த்தாளே! நான் இருந்த நேரம் பூரா மூடவேயில்ல."

தங்கை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். படங்களை மறுபடி உறைக்குள் போட்டு, மடித்து, அக்காவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஆஸ்பத்திரி நர்ஸு ரெண்டு நாளும் எனக்கு போன் பண்ணிச் சொன்னாங்கக்கா. கடைசி வரைக்கும் அவ கண்ணையே தொறக்கலையாம்." அவள் குரல் உயரவே இல்லை. "நீ அங்க போயி எதைப் பார்த்துட்டு வந்தே?"