பச்சை நூல் கட்டிய திறப்பு

போன கிழமை இந்த முகநூல் பக்கத்தில் படம் போட்டேனே, அந்தப் பழைய பி.எம்.டபிள்யூ பைக். சுனாமி உப்பு தின்ற அதன் இரண்டு சில்லுகளையும் இன்று பின்னேரம் முற்றத்தில் வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

மருதமுனை ஸபீனா ராத்தா எனக்கு விற்ற பைக் அது. உள்நாட்டுச் சண்டை முடிவதற்கு முந்திய வருடம் அதில் கோமாரி ஊருக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவேயில்லை. பைக் மட்டும் வீதியோரம் நின்றது, சாவித் துளையில் திறப்பு இல்லாமல்.

"மனுசன் தொலைச்சிருவாரெண்டு திறப்பில பச்சைத் தறிநூல் கட்டி உட்டிருந்தன் தம்பி" என்று ராத்தா சொல்லியிருந்தார்.

இந்த பைக்குக்குத் திறப்பை ஹெட்லைட்டின் மேல்தான் குத்த வேண்டும். நான் ஓர் ஆணியை அராவிக் குத்தி வைத்திருந்தேன். படத்திலும் அது தெரியும்.

முன்பின் தெரியாத ஒருவர் கேற்றைத் திறந்து உள்ளே வந்தார்.

"படம் பார்த்தன் தம்பி. ஆணியால கஷ்டப்படாதீங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு திறப்பை எடுத்துக் குத்தினார். சிவப்பு லைட் எரிந்தது.

திறப்பில் பச்சை நூல்.

"இது உங்களுக்கு எங்க கிடைச்ச?"

"பைக்க ஓட்டுங்க. கதைய உடுங்க."

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

திறப்பு கிடைத்துவிட்டதென்று ராத்தாவிடம் சொல்வதா, வேண்டாமா? யோசித்துச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர் இதையும் பார்ப்பார். இதற்கு யார் முதலில் லைக் போடுகிறார் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.