மஞ்சள் வைத்தால் வாபஸ் இல்லை

பட்டுப்புடவை வியாபாரத்தில் வாய்க்குத்தான் சம்பளம். எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒரு கடையில் சேல்ஸ்மேனாக இருந்தேன். ஜமக்காளத்தில் சம்மணம் போட்டுக் கால் மரத்துப்போன சக தொழிலாளிகளே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

முதலாளியின் கோபம்

யாராவது அடித்துப் பேரம் பேசினால் நான் கல்லாப் பக்கம் திரும்பி, "அண்ணே, கேக்கிற விலைக்குக் குடுத்துடலாமா?" என்று கத்துவேன். "கடைய இழுத்து மூடிடலாம்னு பாக்கறியா?" என்று முதலாளி எரிந்து விழுவார். பிறகு மனசே இல்லாததுபோல் தலையை ஆட்டுவார். வாங்குகிறவருக்கு ஜெயித்த சந்தோஷம். எங்கள் லாபமும் பத்திரமாக இருக்கும். ஒருநாள் வெம்பாக்கத்து விவசாயி ஒருவர் இந்தக் கூத்தை முழுசாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாடு விக்கசொல்ல நானும் என் பொஞ்சாதியை இப்பிடித்தான்பா கயித்தப் புடிச்சிகினு அழச் சொல்லுவேன்!"

ஒரே ஒரு பீஸ்

"இந்தக் கலர்ல இது ஒண்ணுதான்" என்று தினமும் சொல்வோம். உள்ளே அதே கலரில் அரை டஜன் கிடக்கும். செய்யாற்றிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் விற்றேன். மறுவாரம் ஆள் தெரியாமல் அவருடைய ஓரகத்திக்கும் அதையே விற்றிருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த அம்மா நேரே கடைக்கு வந்துவிட்டார்.

"பந்தியில எனக்கு எலையே போடலங்க! இப்பத்தானே சாப்ட்டுப் போனீங்கன்றாங்க!"

மஞ்சள்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. முகூர்த்தப் புடவையைக் கட்டிக் கொடுக்கும்முன் முந்தானை ஓரத்தில் மஞ்சள் வைப்போம். அதைத் திருப்பிக் கொடுப்பது அபசகுனம் என்று யாரும் திரும்ப வர மாட்டார்கள். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. தெள்ளாரிலிருந்து ஒரு அம்மா, வரப்போகும் மருமகளுக்குப் புடவை எடுக்க வந்தார். அவர் ஆசைப்பட்டு எடுத்த புடவையில், உள்மடிப்பில் இழை விட்டு விரல் நுழையும் ஓட்டை. எனக்குத் தெரியும். அவர் முழுசாகப் பிரிப்பதற்குள், "நல்ல நேரம் போவுதும்மா" என்று ஜல்தியாக மஞ்சளை வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் வந்தார். சண்டை போடவில்லை. ஜாக்கெட் தைக்கப் பெண் வீட்டுக்கு அனுப்பியதில் ஓட்டை தெரிந்துவிட்டதாம். "வேணும்னே மட்டமா எடுத்துட்டோம்னு கல்யாணத்தையே நிறுத்தறேன்றாங்க. எங்களுக்குத் தெரியாதுன்னு நீ வந்து ஒரு வார்த்த சொல்லுப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கேர்ந்து போவசொல்ல நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் புடவையை மடித்துப் பையில் வைத்தார்.

"நீ பொய் சொல்லலன்னா, நான்தான் தெரிஞ்சே ஓட்டைப் புடவைய அனுப்பி வெச்சேன்னு ஆவுது. சரிப்பா, அப்பிடியே இருக்கட்டும்."

எத்தனையோ பேரிடம் கூசாமல் பேசிய எனக்கு, தெள்ளார்ப் பக்கத்து ஆட்களைப் பார்த்தால் அந்தக் கல்யாணம் நடந்ததா என்று கேட்க மட்டும் இன்றுவரை துணிச்சல் வரவில்லை.